காற்றின் குத்தகை

1

மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை கோஷ்டியோடு மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிவந்த காலத்தில் அவர் பாட்டுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பாடினவர்களும் கேட்டவர்களும் ஒரே வீதியில், ஒரே பனியில் நடந்தார்கள். நடுவே யந்திரம் கிடையாது. ஆகவே கணக்கும் கிடையாது. அதே சிவனின் கீர்த்தனை இன்று தி. நகர் அடுக்குமாடி வீடு ஒன்றில், கைபேசியிலிருந்து, காலைக் காப்பியோடு ஒலிக்கிறது. கேட்கிறவர் மாதச் சந்தா கட்டியிருக்கலாம். கட்டாதவரானால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு விளம்பரத்தைக் கேட்டுத் தீர்த்திருப்பார். எப்படியும் பணம் நகர்ந்திருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு என்பதுதான் என் விஷயம்.

சிவன் 1973இல் காலமானார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. எனவே 2033 முடிகிற வரை அவருடைய கீர்த்தனைகள் உரிமையாளர் உள்ள படைப்புகள். தியாகராஜரும் தீட்சிதரும் பொதுச் சொத்து. சிவன் இன்னும் ஆகவில்லை. ஆனால் கச்சேரி மேடையில் மூவரும் அடுத்தடுத்துப் பாடப்படுகிறார்கள். வித்தியாசம் பாடுகிறவர் நினைவிலும் இல்லை, கேட்கிறவர் நினைவிலும் இல்லை. இதை நம் சங்கீத உலகத்தின் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். அந்தப் பெருந்தன்மை யாருடைய செலவில் என்று கேட்பது நாகரிகக் குறைவு என்றும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் தெரிவது வேறு. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போன ஒவ்வொரு முறையும் பாட்டோடு சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் பதிலைத் தனக்குச் சாதகமாக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்.

2

சென்னையில் பாட்டு காற்றில் ஏறியது 1924இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஏற்படுத்திய மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப் அந்த வருஷம் ஜூலை 31இல் ஒலிபரப்பத் தொடங்கி, பணமில்லாமல் 1927இல் நின்றுபோயிற்று. அதன் யந்திரம் கார்ப்பரேஷன் கைக்கு வந்தது. 1930 முதல் கார்ப்பரேஷன் ரேடியோ நடந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. பிறகு 1954இல் சாந்தோம் அருகே கடற்கரைச் சாலைக்கு, இன்றைய கட்டிடத்துக்கு வந்தது. மயிலாப்பூர் வித்வான்களுக்கு நடந்துபோகிற தூரம்.

ரேடியோவைப் பற்றி நம்மவர்களுக்கு எத்தனையோ புகார். குரல் தேர்வு என்று மூத்த வித்வான்களையே பரீட்சைக்கு உட்காரவைத்தது. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று சங்கீதத்தைத் தரம் பிரித்துச் சீட்டு ஒட்டியது. கொடுத்த பணமும் சொற்பம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் அந்த அரசாங்க ஸ்தாபனம், அதன் குமாஸ்தாத்தனத்தாலேயே, ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. கச்சேரி தொடங்குமுன் அறிவிப்பாளர் குரல் வரும்: பாடுபவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். முடிந்தபின் அதே வரிசை மறுபடி. பக்கவாத்தியக்காரருக்கும் அவருடைய தரத்துக்கு உரிய கட்டணம் உண்டு. 'நிலைய வித்வான்' என்று ஒரு வர்க்கமே உருவாகி, மாதச் சம்பளத்தில் வயலினையும் வீணையையும் வாசித்து, குழந்தைகளைப் படிக்கவைத்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றது. ஒரு கச்சேரி எத்தனை பேரால் ஆனது என்பதைப் பெயராலும் காசாலும் ஒப்புக்கொண்ட யந்திரம் அது. அதற்குப் பின் வந்த எந்த யந்திரமும் அவ்வளவு நேர்மையாக இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

3

ரேடியோவும் இசைத்தட்டும் பரவியபோது பாட்டில் இதுவரை இல்லாத ஒரு பொருள் முளைத்தது. அச்சிடும் உரிமை வேறு, பதிந்து ஒலிக்கும் உரிமை வேறு என்று ஆகி, இரண்டாவதைத் தனியாக விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். தமிழில் இதற்கு அகப்பட்ட முதல் பெரிய ஆள் பாரதி.

பாரதி 1921இல் திருவல்லிக்கேணியில் இறந்தபோது விட்டுச்சென்றது கையெழுத்துப் பிரதிகளும் கடனும். அச்சுரிமை பல கைகள் சுற்றிக் கடைசியில் தம்பி சி. விசுவநாத ஐயரிடம் நின்றது. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் கையாளும் உரிமை தனியே பிரிந்து ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து 1940களில் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1947இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது மெய்யப்பன் வழக்குத் தொடுத்தார். தேசத்துக்காகப் பாடியவனின் பாட்டைப் பாட ஒரு ஸ்டூடியோ முதலாளியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றதும்தான் எழுத்தாளர்களுக்கு உறைத்தது. நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்திப் போராடினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்த 1949இல் சென்னை சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டது. விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் ஆளுக்கு 5,000. மெய்யப்பன் தம் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார்.

ஒரு கவியின் எழுத்தை அரசாங்கம் வாங்கி மக்களுக்குக் கொடுத்தது என்று இந்தச் சம்பவத்தை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்கு உரியதுதான். ஆனால் அங்கே எழுப்பப்பட்ட கேள்வி எது என்று பார்க்க வேண்டும். 'இந்தப் பாட்டு யாருடையது?' என்பது ஒன்றே கேள்வி. 'எல்லாருடையதும்' என்பது பதில். 'இந்தப் பாட்டு ஒலிக்கும்போது வருகிற பணம் யாருடையது?' என்பது அன்று எழவே இல்லை. பாட்டு விடுதலையானதும் அதைப் பதிந்து விற்கிற எவரும் விற்கலாம் என்றாயிற்று. பாடியவர், வாசித்தவர் நிலைமை 1949க்கு முன்னும் பின்னும் ஒன்றே: அன்றைய கூலி, அதோடு சரி. படைப்பின் விடுதலையும் தொழிலாளியின் நியாயமும் ஒன்று என்று நாம் நம்பிக்கொண்டோம். அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை.

4

சட்டத்துக்கு இந்த மயக்கம்கூட இல்லை. அது தெளிவாகவே குருடாக இருந்தது. 1957இல் இயற்றப்பட்டு அடுத்த ஜனவரியில் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டம், 'இசைப் படைப்பு' என்றால் அச்சிலோ எழுத்திலோ வரைவிலோ கொண்டுவரப்பட்ட மெட்டு என்று விளக்கம் சொன்னது. காகிதத்தில் இருந்தால் சங்கீதம், தொண்டையில் இருந்தால் இல்லை. நம் மரபில் ஸ்வரப்படுத்திய புஸ்தகம் ஞாபகத்துக்கு ஊன்றுகோல். சங்கீதம் என்பது அதை மூடி வைத்த பிறகு நடப்பது. ஒரு மணி நேரம் ஒருவர் தோடியைக் கட்டி எழுப்பினால், அந்த ஒரு மணி நேரமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே நடக்கவில்லை. ஐரோப்பாவில் காகிதத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் செய்த சட்டையை அளவு பார்க்காமல் நமக்கு மாட்டியதன் விளைவு இது.

1969இல் இந்தியன் பர்ஃபார்மிங் ரைட் சொஸைட்டி ஏற்பட்டு, மெட்டமைத்தவர்களுக்காகவும் பாட்டெழுதியவர்களுக்காகவும் ராயல்டி கேட்கத் தொடங்கியது. சினிமாக்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1977இல் தீர்ப்பாயிற்று: காசு கொடுத்து மெட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு உடன்பட்டு, ஒரு தனிக் குறிப்பும் சேர்த்தார். குரலும் பாடும் விதமுமே கேட்பவனை உருக்குகிறது, ஆனால் சட்டம் பாடுபவனுக்கு எதையும் தரவில்லை, இந்திய சங்கீதத்துக்கு இது பொருந்தாது, சட்டம் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பில் தோற்றவர்களைவிட வழக்கில் கட்சியாகவே இல்லாத பாடகனைப் பற்றி ஒரு நீதிபதி கவலைப்பட்டது விசேஷம்.

யோசிக்க 17 வருஷம் ஆயிற்று. 1994 திருத்தம் காகித நிபந்தனையை நீக்கியது. ஸ்வரப்படுத்தி எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர் இசையமைத்தவரே என்றது. நிகழ்த்துபவரின் உரிமை என்று ஒன்றும் அப்போதுதான் வந்தது. ஆனால் சினிமாவில் சேர்க்கச் சம்மதித்துவிட்டால் அது அத்தோடு முடிந்தது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போயிற்று: பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும், அவர்கள் நிகழ்த்தியது வியாபாரத்துக்குப் பயன்பட்டால், ராயல்டி உண்டு. 1957க்கும் 2012க்கும் நடுவே 55 வருஷம். அந்த இடைவெளியில்தான் நாம் பொற்காலம் என்று கொண்டாடுகிற கர்நாடக சங்கீதத்தில் பெரும் பகுதி பதிவாயிற்று.

1994 மாற்றத்தை நம் வித்வான்கள் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை. எழுதப்படாத இசையும் இசைப் படைப்பே என்றால், மேடையில் அந்தக் கணத்தில் பிறக்கிற ஆலாபனைக்கும் கல்பனாஸ்வரத்துக்கும் பாடுகிறவரே ஆசிரியர் என்று வாதிக்க இடமிருக்கிறது என்பது என் வாசிப்பு. கீர்த்தனை தியாகராஜருடையது, அதற்கு முன்னால் வருகிற அரை மணி நேரம் பாடுகிறவருடையது. மனோதர்மம் என்ற வார்த்தையை மேடைப் பேச்சில் நாம் எவ்வளவோ செலவழித்திருக்கிறோம். அதற்கு ஒரு பைசா மதிப்பு உண்டா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்கிறவர்களை நாம் நடத்துகிற விதமும் ஒரு காரணம். 2017இல் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊர் முழுக்கப் பேசியது நட்பு, நன்றி, பேராசை இவற்றைத்தான். மெட்டுப் போட்டவர் ஒரு பக்கம், பாடியவர் ஒரு பக்கம், இருவருமே தொழிலாளிகள். அந்தப் பதிவுகளை விற்றுக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அந்த வாரம் ஒரு வார்த்தை இல்லை.

5

இங்கே எம்.எஸ். சுப்புலக்ஷ்மியைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் ராயல்டியை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக்கொடுத்தார். தென்னிந்தியாவில் அந்தக் குரல் கேட்காத விடியல் குறைவு; எத்தனை லட்சம் விடியல்கள் ஒரு பாடசாலைக்குச் சோறு போட்டன என்று நினைத்தால் மனம் பணிகிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கொடுத்தே பழகிய அந்தத் தம்பதி 1970களின் பிற்பகுதியில் பண நெருக்கடியில் இருந்தார்கள். அதை அறிந்த தேவஸ்தானம் பாலாஜி பஞ்சரத்னமாலா என்ற இசைத்தட்டு வரிசையை அவரைக்கொண்டு பாடவைத்தது. அவர்களுக்கு உதவ அது ஒரு கௌரவமான வழியாக இருந்தது.

இரண்டு பக்கமும் நல்ல மனம். அதனால்தான் இந்த உதாரணம் என்னைத் தொந்தரவு செய்கிறது. தானம் கொடுப்பதற்கு முதலில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு ராயல்டி என்று ஒன்று இருந்தது, கொடுத்தார். அதே தட்டில் வாசித்தவர்களுக்குக் கொடுக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்நாளைய வழக்கப்படி பக்கவாத்தியம் என்பது ஒரு நாள் வேலை, ஒரு வவுச்சர். 1980களில் காஸெட் வந்து, கபாலி கோயில் சன்னதியில் கிரி டிரேடிங் அலமாரிகள் நிறைந்தபோதும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். ஒலிப்பதிவுக்குச் சட்டம் தருகிற காப்பு, வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு. 1963 தட்டின் காப்பு 2023 முடிவோடு தீர்ந்தது. அந்தக் குரல் இனியும் ஒலிக்கும். யாருக்கும் எதுவும் தரச் சட்டம் சொல்லாது.

6

யந்திரம் மறுபடி மாறியது. 2000களில் வோர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ 'ஸ்ருதி' என்று கர்நாடக சங்கீதத்துக்கே ஓர் அலைவரிசை நடத்தி, 2009 கடைசியில் மூடிக்கொண்டது. மயிலாப்பூர் மாமாக்கள் துக்கம் காத்தார்கள். அகில இந்திய ரேடியோவின் 'ராகம்' 2016 குடியரசு தினத்தில் தொடங்கி இணையத்திலும் ஒலிக்கிறது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. இப்போது பாட்டு என்பது கேட்பவர் கேட்ட நேரத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர்.

இந்தக் குழாயின் மீட்டர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 30 விநாடி கேட்டால் ஒரு எண்ணிக்கை. மூன்று நிமிஷ சினிமாப் பாட்டும் ஒன்று. 45 நிமிஷ ராகம் தானம் பல்லவியும் ஒன்று. மொத்த வருமானத்தில் கலைஞர்கள் பக்கம் ஒதுக்கியது ஒரே குவியலாகி, எண்ணிக்கை விகிதத்தில் பிரிகிறது. ஒரு பதிவு வருஷத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாவிட்டால் அதற்குப் பதிவு ராயல்டி இல்லை என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி. வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்து நாகஸ்வரக்காரர் ஒருவரின் மல்லாரி வருஷத்துக்கு 900 பேரை எழுப்பினாலும் அது சைபர். பழைய 78 சுற்றுத் தட்டு மூன்றரை நிமிஷத்துக்குள் ராகத்தை நெரித்தது. வித்வான்கள் அதற்கென்றே ஒரு சுருக்கக் கலையை உண்டாக்கினார்கள். இந்த மீட்டர் நேரத்தை நெரிக்கவில்லை. நீளமாகப் பாடுகிறவனுக்கு அபராதம் போடுகிறது.

சட்டம் இங்கே கைவிட்டது விசித்திரமான வழியில். 2012 திருத்தம், ஒலிபரப்பு நிலையங்களுக்குச் சட்டமே அனுமதி தந்து கட்டணத்தை ஓர் அதிகார அமைப்பு பகிரங்கமாக நிர்ணயிக்கும் என்றது. அதற்கு முன்பே 2010இல் தனியார் எஃப்.எம். ரேடியோக்களுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று காப்புரிமை வாரியம் விதித்திருந்தது. இணையமும் ஒலிபரப்பு என்று கம்பெனிகள் வாதாடின. டிப்ஸ் நிறுவனத்துக்கும் விங்க் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் பம்பாய் ஹைகோர்ட் 2019இல் இல்லை என்றது. 2022இல் மேல் அமர்வும் அதையே உறுதி செய்தது. குறைந்த கட்டணத்தில் பாட்டைப் பறிக்க முடியாது என்பது இசைத்தட்டுக்காரர்களுக்கு வெற்றி. ஆனால் பகிரங்கக் கட்டணம் போய் ரகசிய ஒப்பந்தம் வந்தது. இரு கம்பெனிகள் கதவை மூடிக்கொண்டு பேசிய தொகையில் தன் பங்கு என்ன என்று அடையாறில் இருக்கிற மிருதங்கக்காரர் எங்கே போய்க் கேட்பார்? 2013இல் பதிவான பாடகர் சங்கம் பெயரிலேயே பாடகர் சங்கம். வாத்தியக்காரர்களைப் பெயரில் சேர்த்துக்கொண்டது பிறகுதான்.

அமெரிக்காவில், சாதாரண ரேடியோ இன்றைக்கும் பாடகனுக்கு ஒன்றும் தராத அந்த தேசத்தில், 1995 சட்டம் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்தது. இணைய ரேடியோ கட்டுகிற பணத்தில் பாதி பதிவின் சொந்தக்காரருக்கு. 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு. 5 சதவீதம் மற்ற வாத்தியக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும். கம்பெனி வழியாகச் சுற்றாமல் நேராகப் போய்ச் சேருகிறது. அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தனி ஆவர்த்தனம் வாசிக்கிறவரை 'மற்றவர்' என்று ஐந்தில் அடைக்க நம் காது சம்மதிக்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 'நேராக' என்ற ஒரு வார்த்தையை.

7

இணையத்தில் கிடைக்கிற பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். திரையில் பெரும்பாலும் ஒரே பெயர். வயலின் யார், மிருதங்கம் யார்? காது தேறியவர்கள் வாசிப்பை வைத்துச் சொல்வார்கள்; மீட்டருக்குக் காது கிடையாது. பெயர் இல்லாத இடத்துக்குப் பணம் போகாது என்பது கணக்கு சாஸ்திரத்தின் முதல் பாடம். சாந்தோம் கட்டிடத்திலிருந்து வந்த அந்த அறிவிப்பு, நாம் அசிரத்தையாகக் கேட்ட அந்த நான்கு பெயர்கள், உண்மையில் ஒரு பட்டுவாடாப் பட்டியல் என்று இப்போது புரிகிறது.

கேட்பது அதிகமில்லை. மேடையில் இருந்த எல்லாப் பெயரும் பதிவோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். எத்தனை தடவை என்பதோடு எத்தனை நிமிஷம் என்பதும் எண்ணப்பட வேண்டும். நிகழ்த்துபவர் பங்கு அவரிடம் நேராக வர வேண்டும். எழுதி வாங்க முடியாததாக இருக்க வேண்டும். இதில் கடைசியானதற்குச் சட்டத்தில் விதை இருக்கிறது. முதல் இரண்டுக்கும் சட்டம்கூட வேண்டாம்; கேட்கிற ஆட்கள் வேண்டும்.

சிறுபத்திரிகையில் எழுதுகிற நமக்கு இந்த விஷயம் என்ன என்று கேட்கலாம். நாம் சன்மானம் வாங்கி எழுதுகிறவர்கள் இல்லை. அதில் நமக்கு ஒரு கர்வமும் உண்டு. ஆனால் இங்கே எழுதுகிறவனும் அச்சடிக்கிறவனும் படிக்கிறவனும் ஒரே வீதியில் நடக்கிறார்கள். யாரும் யாரை வைத்தும் சம்பாதிக்கவில்லை. சிவனின் பஜனை கோஷ்டி போல. காசில்லாமல் கொடுப்பது அந்த வீதிக்குள் தர்மம். ஒரு கம்பெனியின் குழாய்க்குள் அதே காரியம் வெறும் ஏமாளித்தனம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வரை, கலைஞன் காசைப் பற்றிப் பேசலாமா என்று நாம் முகம் சுளிக்கிற வரை, காற்றைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு வேறு வக்கீல் தேவையில்லை. 2033 கடைசியில் சிவனும் எல்லாருக்கும் சொந்தமாகிவிடுவார். அதற்குள் ஒரு முறையாவது அவர் பாட்டைப் பாடினவருக்கும் வாசித்தவருக்கும் சேர வேண்டியது என்ன என்று உரக்கக் கேட்டுவிட்டால் நல்லது.